சத்தம் போட்டுக்கொண்டு இறங்கிய வண்டி

கீழ் கோத்தகிரி எஸ்டேட் லைன் வீடுகளில் என்னோடு வளர்ந்து, இப்போது திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் வாடகை ரூமில் படுத்துக் கிடக்கிற உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நமக்கு ஒன்றும் பெரிய வயசாகிவிடவில்லை. ஆனாலும் போன மாசம் பேக்கரியில் கூடினபோது நாம் பேசின பேச்சு பென்ஷன் வாங்குகிறவர்கள் பேச்சு மாதிரிதான் இருந்தது. அப்போது உங்களில் ஒருவன் கேட்டான்: "டேய், உங்கப்பாரு அந்த வெடி புல்லட்டை இன்னும் வச்சிருக்காரா, எடைக்குப் போட்டுட்டாரா?" எல்லாரும் சிரித்தீர்கள். வண்டி இப்போது என்னிடம்தான் என்று சொல்லாமல் நானும் சிரித்தேன். ரூமுக்கு வந்த பிறகு எனக்கு உட்கார முடியவில்லை.

உட்கார முடியாதது எனக்குப் பழைய வியாதி. பம்பு கம்பெனியில் டிராயிங் போடுகிற வேலை. நாள் முழுக்க நாற்காலி. மேஜைக்குக் கீழே கால் மட்டும் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருக்கும். பக்கத்து சீட்டு அக்கா, "ஏனுங்க தம்பி, கீழ தையல் மிசினா ஓட்டறீங்க?" என்று கேட்காத நாள் இல்லை. சனிக்கிழமை மதியம் புல்லட்டை எடுத்து, மேட்டுப்பாளையம் தாண்டி, முதல் வளைவில் ஏறும்போதுதான் அந்தக் கால் நிற்கும். அது எங்கே ஒட்டிக்கொண்ட நடுக்கம் என்று எனக்குத் தெரியும். அந்த வண்டியின் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவன் நான்.

வண்டியை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கறுப்பு. டேங்கின் ஓரத்தில் கையால் இழுத்த தங்கக் கோடு. வெலிங்டனில் ஓய்வு பெற்று ஊருக்குக் கிளம்பின பட்டாளத்துக்காரர் ஒருவர் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனது. பழைய காலத்து வண்டி என்பதால் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இப்போதைய வண்டி ஓட்டிப் பழகினவன் ஏறினால் நிறுத்த நினைத்துக் கியரை மாற்றிவிடுவான். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒரு தடவை அப்படித்தான் கோழிக்கூண்டுக்குள் போனார். அதற்கப்புறம் அவர் தன் மொபெட்டோடு நிறுத்திக்கொண்டார்.

சாவி ஹெட்லைட் மண்டையின் மேல், என் மூக்குக்கு நேர் எதிரே இருக்கும். பக்கத்தில் ஒரு சின்ன மீட்டர். அதன் முள் நடுவில் வந்து நின்ற பிறகுதான் அப்பா உதைப்பார். அவசரப்பட்டு உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். காலையில் டேங்க் மூடி ஐஸ் மாதிரி இருக்கும். அரை டவுசரோடு உட்கார்ந்தால் முதலில் உயிர் போகும். பிறகு எஞ்சின் சூடு மெதுவாக மேலே ஏறும். அந்தச் சூடும் அந்த உதறலும் சேர்ந்து உடம்புக்குள் போவதை இந்த வயசிலும் என்னால் சொல்லிப் புரிய வைக்க முடியவில்லை.

நான் சொல்ல வந்தது ஒரு ஐப்பசி மாசத்தை. அந்த வருஷம்தான் அப்பாவை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். சிலோன் தோட்டத்திலிருந்து கப்பல் ஏறி வந்த குடும்பத்தில், லைனில் பிறந்து, அந்த வேலைக்குப் போன முதல் ஆள். மேலே ஃபேக்டரிக்குப் பக்கத்தில் ஒரு குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். அம்மா பழையபடி கொழுந்து எடுக்கத்தான் போனாள். ஏழு மணிக்கே, ஈரம் படாமலிருக்கப் படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு மற்றப் பெண்களோடு கீழே இறங்கிவிடுவாள். அப்பா பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டு ஆட்களை அனுப்பிவிட்டு, என்னை டேங்கில் ஏற்றிக்கொண்டு அதே ரோட்டில் இறங்குவார். வழியில் மலைகளைப் பார்ப்பார். தேயிலைக் காட்டை நம் ஆட்கள் 'மலை' என்றுதானே சொல்வோம். கடைசி மலையைத் தாண்டினால் பள்ளிக்கூடம்.

இப்போது ஒரு விஷயம். நம் ஊரில் மேலிருந்து இறங்குகிற யாரும் எஞ்சினை ஓடவிட மாட்டார்கள். சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, நியூட்ரலில் தள்ளி, பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு, காற்று மாதிரி வழுக்கிக்கொண்டு வருவார்கள். பெட்ரோல் மிச்சம். மாமாவின் மொபெட்டிலிருந்து எஸ்டேட் மேனேஜர் தொரையின் ஜீப் வரைக்கும் அப்படித்தான். அப்பா மட்டும் இறக்கத்திலும் எஞ்சினை ஓடவிட்டு, இரண்டாவது கியரில், டுப்பு டுப்பு என்று எதிர்மலை திருப்பிச் சொல்கிற மாதிரி இறங்குவார்.

அம்மாவுக்கு இது பிடிக்கவே பிடிக்காது.

"ஏங்க, இறக்கத்துல எதுக்குங்க எஞ்சினு? வண்டி தானா உருண்டு போகாதா?"

"ஓடட்டும். நின்னா கெட்டுரும்."

"நின்னா கெடுமாம். ஊருல ஒருத்தன் வண்டியும் கெடல."

மாமா விடுவாரா? அப்பா முகத்துக்கு நேரே சொல்வார்: "அக்கா, மச்சானுக்குச் சத்தம் கேக்காமப் போச்சுன்னா தான் சூப்பர்வைசர்ங்கிறதே மறந்து போயிரும். வுட்டுரு." அப்பா பழைய பனியனை மண்ணெண்ணெயில் நனைத்து சக்கரக் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருப்பார். திமிர் பிடித்தவன் என்று லைனே சொன்னது. எனக்கும் அது பெருமைக்காகத்தான் என்று தோன்றியது. அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு இருந்ததால் நான் குறை சொல்லவில்லை.

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. ஒரு நாள் பள்ளிக்கூடம் லீவு விட்டார்கள். வீட்டில் என்னால் இருக்க முடியாது. அம்மாவோடு மலைக்கு இறங்கிவிட்டேன். அங்கே சில்வர் ஓக் மரத்தடியில் பெண்கள் நெருப்புப் போட்டுக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்கள். டீ டைமுக்கு முன்னால் அப்படி உட்காரக் கூடாது என்பது ரூல். ஆனால் அவர்கள் விரல்களைப் பார்க்க வேண்டுமே. ஊறி வெளுத்து, கொழுந்துக் கறை படிந்த வெடிப்புகள் மட்டும் கறுப்பாக. மடக்க முடியாது. நெருப்பில் காட்டிக் காட்டித்தான் மடக்குவார்கள். டின் டப்பாவில் தேத்தண்ணி கொதித்தது. எனக்கும் ஒரு மடக்கு கிடைத்தது.

அப்போது மேலே அந்தச் சத்தம். டுப்பு டுப்பு.

"வர்றாரு பாரு, தண்டோரா போட்டுக்கிட்டு!" என்றாள் மாமாவின் சம்சாரம், அத்தை. "இந்த மனுசன் என்னிக்கு நம்மளைப் புடிக்கிறது?"

"மதினி, உன் புருசன் படிச்சாரா, இல்ல தொரைக்குத் தலைவலி மாத்திரை வாங்கிக் குடுத்து இந்த வேலைக்கு வந்தாரா?" என்றாள் இன்னொருத்தி.

அம்மாவும் சிரித்தாள். கொஞ்சம் வெட்கத்தோடு. நனைந்த படங்குச் சாக்கால் நெருப்பை அடித்து அணைத்துவிட்டு ஆளுக்கொரு தேயிலை நிரையில் போய் நின்றுகொண்டார்கள். வண்டி வளைவு திரும்பி வந்தபோது எல்லார் கையும் கொழுந்தில். அப்பா இறங்கினார். மரத்தடியில் புகை மட்டும் சுருண்டுகொண்டிருந்தது. அதைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். "மூக்கைத் துடைடா" என்று சொல்லிவிட்டு, "முத்தின இலையைப் போட்றாதீங்க" என்று பொதுவாகக் கத்திவிட்டு ஏறிப் போனார்.

"கண்ணும் தெரியாது போல" என்றாள் அத்தை.

கொழுந்து எடை குறைந்துகொண்டே வந்தது. மழையில் குறையத்தான் செய்யும். ஆனால் தொரைக்குச் சந்தேகம். ஒரு நாள் காலையில் பெரட்டுக்களத்தில் நான் டேங்க் மேல் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தேன். தொரை குடையோடு வந்தார். அவருடைய ஜீப் அன்று கிளம்பவில்லை.

"கீழ நெருப்புப் போட்டுக் குளிர் காயறாங்க. எனக்குத் தெரியும். உன்கிட்ட மட்டும் ஏன் ஒருத்தர்கூடச் சிக்கல?"

"நான் போறப்ப எல்லாம் வேலையிலதானுங்க சார் இருக்காங்க."

"இருப்பாங்கய்யா. நீ வர்றது கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்குது." பக்கத்தில் நின்ற கணக்கெழுதுகிற ரைட்டர் பணிவாகச் சிரித்தார். "இன்னிக்கு நானும் வர்றேன். இங்கயே எஞ்சினை ஆஃப் பண்ணு. சத்தமில்லாம இறங்கணும். எவ எவ உக்காந்திருக்காளோ, அவ பேரை நாளையிலிருந்து கூப்பிட வேண்டாம்."

பேர் கூப்பிடாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் லைன் வீடும் இல்லை. அது எனக்கே தெரியும். அந்த மரத்தடியில் அம்மாவும் இருப்பாள் என்பதும் தெரியும். நான் அண்ணாந்து அப்பாவைப் பார்த்தேன். அவர் மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொரை பின்னால் ஏறினார். வண்டி உருண்டது.

அந்த ரோட்டை நான் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். ஈரச் சருகு டயரில் ஒட்டிக் கிழிகிற சத்தம். தொரையின் குடையில் மழை. எங்கேயோ ஒரு ஓடை, தினமும் தாண்டிப் போயும் அதன் சத்தம் எனக்குத் தெரியாது. டேங்க் ஆடவில்லை, சுடவில்லை. செத்த மாட்டின் மேல் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. இரண்டு வளைவு இறங்கியதும் கீழேயிருந்து பேச்சும் சிரிப்பும் வந்தது. அதில் அம்மாவின் சிரிப்பு தனியாகக் கேட்டது. தொரை அப்பாவின் தோளைத் தட்டினார். "கேக்குதா?"

அடுத்த வளைவுக்கு முன்னால் அப்பா சொன்னார்: "சார், பிரேக் புடிக்கல."

"என்னய்யா?"

"நனஞ்சிருச்சுங்க. கியர்ல போட்டு நிறுத்தறேன். கெட்டியாப் புடிச்சுக்கங்க."

வலது காலால் கியரைத் தட்டினார். அணைந்திருந்த எஞ்சின் விருப்பமில்லாமல் சுற்றியது. புஸ், புஸ் என்று மூச்சு மட்டும் விட்டது. நான் அவர் இரண்டு கைகளுக்கும் நடுவில் இருந்தேன். வலது கை ஆக்ஸிலேட்டரை முறுக்கியது. இடது கை கிளச்சை விட்டு, என் மூக்குக்கு முன்னால் வந்து, சாவியைத் திருப்பியது.

சைலென்சர் வெடித்தது. கோயில் நோன்பில் போடுகிற வேட்டு அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. எதிர்மலை அதை வாங்கி இன்னொரு தடவை போட்டது. மரத்திலிருந்த மைனாக்கள் எல்லாம் ஒரே சமயத்தில் எழும்பின. தொரையின் குடை தேயிலைக்குள் போய் விழுந்தது. தொரை அப்பாவின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார்.

பிரேக் பிடிக்காத வண்டி, வளைவைத் தாண்டி, மரத்தடிக்கு நேராக அலுங்காமல் நின்றது. அதை அன்று யாரும் கவனிக்கவில்லை.

பெண்கள் எல்லாரும் நிரைக்குள் இருந்தார்கள். சிலருக்கு மூச்சு வாங்கியது. மரத்தடியில் புகை.

"இங்க யார் நெருப்புப் போட்டது?"

அம்மா நிமிர்ந்தாள். "கரடிங்க, தொரை. விடிஞ்சதிலிருந்து இந்தப் பக்கந்தான் சுத்துது. பொகை போட்டாத்தான் அண்டாதுங்க."

"கரடியா? எங்க கரடி?"

"இப்ப வெடிச்ச வெடியில இன்னுமா இருக்கும்? ஓடியிருக்குமுங்க."

அத்தை கொழுந்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். தொரைக்கு ஒரு பேர்கூடக் கிடைக்கவில்லை. அப்பா தேயிலைக்குள் இறங்கிக் குடையைத் தேடி எடுத்து வந்து கொடுத்தார். தொரை நடந்தே மேலே போனார்.

கார்த்திகை வருவதற்குள் அப்பாவை சூப்பர்வைசர் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஃபேக்டரியில் இலை வாட்டுகிற மாடிக்குப் போட்டார்கள். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணி, சட்டி பானையோடு நாங்கள் மறுபடி லைனுக்கு வந்தோம். வந்த பிறகுதான் தெரிந்தது, அங்கே அப்பாவைப் பற்றி என்ன பேச்சு என்று. தொரையை முதுகில் சுமந்துகொண்டு, சத்தமில்லாமல், சொந்த ஆட்களையே பிடிக்க வந்தவன். வண்டிக்கு இருந்த நன்றிகூட அவனுக்கு இல்லை, அதுதான் வெடித்துக் காட்டிக் கொடுத்தது. குழாயடியில் அப்பா குடத்தோடு போனால் பேச்சு நிற்கும். யாராவது ஒருத்தி மட்டும் "டமார்" என்பாள். நீங்கள் என்னை 'வெடி' என்று கூப்பிட ஆரம்பித்தது அப்போதுதான். எனக்கு அதில் கோபம் இல்லை. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அம்மா ஒரே ஒரு தடவைதான் கேட்டாள்.

"நானும் அங்கதான் இருப்பேன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சும் சத்தமில்லாம வந்தீங்க."

"பிரேக் புடிக்கல."

"நான் அதைக் கேக்கல."

அன்றிலிருந்து அம்மா அவரோடு நேராகப் பேசுவதை விட்டாள். எல்லாம் என் வழியாகத்தான். "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." "உங்கப்பாகிட்ட வெறகு தீந்து போச்சுன்னு சொல்லு." அவர் அடுப்புக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருப்பார். நான் நடுவில் நின்று சொல்வேன். கோபம் தணிந்து, தம்பியும் பிறந்து, எல்லாம் ஆன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நான் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனதும் தம்பி வழியாகச் சொன்னாள். அவனும் வேலைக்குப் போன பிறகு பூனையிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

புல்லட் விறகுக் கட்டுக்குப் பக்கத்தில் படங்கு போர்த்திக் கிடந்தது. அதன் சீட்டுக்கு அடியில் கோழி முட்டையிட்டது. மாமா, "மச்சான், இரும்புக் கடைக்காரன் வந்திருக்கான்" என்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது கிண்டல் பண்ணுவார். அப்பா ஞாயிற்றுக்கிழமை காலையில் படங்கை விலக்கி, முள் நடுவில் வருகிற வரை பார்த்து, ஒரு உதை. அது ஓடும். ஓட்ட மாட்டார். பக்கத்தில் நின்று கேட்பார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அணைத்துவிடுவார். நான் வேலைக்குச் சேர்ந்ததும் சாவியைக் கொடுத்தார். "நின்னா கெட்டுரும். ஓட்டு."

போன மாசம் பேக்கரியில் உங்களோடு சிரித்துவிட்டு வந்தேன் என்றேனே, அந்த வாரக் கடைசியில் மலை ஏறினேன். கோத்தகிரி தாண்டிக் கீழே இறங்கும்போது நல்ல மழை. பழைய சாவி, ஓட்டை தேய்ந்துவிட்டது. ஒரு குழியில் விழுந்ததும் தானாகத் திரும்பி அணைந்துவிட்டது. வண்டி கியரில் உருண்டுகொண்டிருந்தது. என்ன ஆயிற்றென்று புரியாமல் ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன். ஒன்றும் இல்லை. பிறகு சாவி கண்ணில் பட்டது. இடது கையை நீட்டித் திருப்பினேன்.

டமார்.

ரோட்டோரமாக நிறுத்திவிட்டேன். வெடிக்குப் பயந்து இல்லை. நிறுத்த நினைக்கிற மனுஷன் ஆக்ஸிலேட்டரை எதற்கு முறுக்க வேண்டும்? அந்தக் கை என் காதுக்குப் பக்கத்தில்தானே முறுக்கியது. முறுக்கி, காத்திருந்து, பெட்ரோல் சைலென்சருக்குள் நிறைகிற வரை விட்டு, பிறகு சாவியைத் திருப்பின கை அது. அப்படியென்றால் தினமும் இறக்கத்தில் எஞ்சினை அணைக்காமல் வந்தது எதற்கு? புகையைப் பார்த்தும் என் மூக்கைத் துடைக்கச் சொல்லிவிட்டுப் போனது எதற்கு? பெண்களைப் பிடிக்க வேண்டிய வேலையில் இருந்துகொண்டு, நான் வருகிறேன் என்று மலை மலையாகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். அதைப் பெருமை என்றோம். முட்டாள்தனம் என்றோம். ஏன் சொல்லவில்லை என்றும் நினைத்துப் பார்த்தேன். அம்மாவிடம் சொன்னால் குழாயடிக்குப் போகும், குழாயடியிலிருந்து ரைட்டர் காதுக்கு. ஃபேக்டரி வேலையும் போயிருக்கும். அப்புறம் தொரை மாறிப் போனார். அதற்குள் சொல்லாமலே இருந்து பழகிவிட்டது போல.

மறுநாள் அம்மாவைக் கோத்தகிரி சந்தைக்குக் கூட்டிப் போனேன். திரும்பும்போது தூறல். காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தாள். எஸ்டேட் ரோட்டில், அந்த வளைவுக்கு முன்னால், இடது காலை அழுத்தினேன். வண்டி அப்படியே நின்றது.

"ஏந்தம்பி நிறுத்திட்ட?"

"பிரேக் புடிக்குதும்மா. மழையில."

"புடிக்காம?"

"அன்னிக்கும் புடிச்சிருக்கும்."

நான் எஞ்சினை அணைத்து மறுபடி உருள விட்டேன். "கெட்டியாப் புடிச்சுக்கங்க. என் கையை மட்டும் பாருங்க." மூன்றாவது கியர். வலது கை. பிறகு சாவி.

கீழே மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த வடநாட்டுப் பெண்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்து பார்த்தார்கள். அம்மாவின் கை என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது. வண்டியை நிறுத்தினேன். அவள் அந்தச் சில்வர் ஓக் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப அன்னிக்கு எங்களைக் காப்பாத்தினது என் கரடி இல்லியா?" என்றாள். சிரிக்கிறாளா என்று திரும்பிப் பார்த்தேன். இல்லை.

வீட்டு வாசலில் அப்பா நின்றிருந்தார். தலையில் துண்டு, கையில் கம்பு. முழங்கால் போன பிறகு அவர் வாசல் தாண்டுவதில்லை. அன்று தாண்டி ரோட்டோரத்துக்கே வந்திருந்தார். தூறல் அவர் மேல் விழுந்துகொண்டிருந்தது. நான் வண்டியை நிறுத்தினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து சைலென்சரைப் பார்த்தார்.

"மூணாவது கியர்லயா விட்ட?"

"ஆமாப்பா."

"ரெண்டாவதுல விடணும். அப்பத்தான் கடைசி மலை வரைக்கும் கேக்கும்."

சொல்லிவிட்டுத்தான் அவருக்கே உறைத்தது. கம்பை மாற்றிப் பிடித்துக்கொண்டார். அம்மா இறங்கிக் காய்கறிப் பையைக் கீழே வைத்தாள். பழக்கத்தில் என் பக்கம் திரும்பினாள். "தம்பி, உங்கப்பாவை..."

நிறுத்தினாள். முந்தானையை எடுத்துத் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, மழையில நனையாதீங்க. உள்ள வாங்க."